புது சுப்ரா வந்தும் பழையது மலிவாகவில்லை
புது மாடல் வந்துவிட்டால் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை இறங்கிவிடும் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டொயோட்டா சுப்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் ஜப்பானில் உற்பத்தி நின்றுபோன கார், 2019இல் திரும்பி வந்தது. அதன்பிறகு 1990களின் டர்போ சுப்ராவுக்கு விலை ஏறத்தான் செய்தது. காரணம் வெறும் ஏக்கம் இல்லை. புது சுப்ராவை பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து உருவாக்கினார்கள், இன்ஜினும் அவர்களுடையதுதான், கார் தயாரானது ஆஸ்திரியாவில். வந்த புதிதில் மேனுவல் கியர்கூடக் கிடையாது. பழையதிலோ டொயோட்டாவின் சொந்த 2ஜேஇசட் இன்ஜின், அதன் உடல் பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு. சக்தியைக் கூட்ட எவ்வளவு டியூன் செய்தாலும் தாங்கும் என்று பெயர் வாங்கியது. சரி, புதியதை ஓட்டிப் பார்த்தவர்கள் பழையதைத் தேடிப் போனதில் ஆச்சரியம் என்ன? ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் நான் வேலை பார்த்தபோது டர்போ சுப்ரா ஒன்று வந்தது. முகப்பு விளக்கு உடைந்திருந்தது. அசல் விளக்குக்காக அதன் உரிமையாளர் மாதக்கணக்கில் காத்திருந்தார், மாற்றுப் பொருளைத் தொடக்கூட விடவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் "உதிரிபாகம் கிடைக்காத காருக்கு என்ன மதிப்பு" என்று கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் இருக்கிறது. புது கார் வந்த அதே 2019இல், பழைய சுப்ராக்களுக்கான பாகங்களை மறுபடி தயாரிக்கப்போவதாக டொயோட்டாவே அறிவித்தது. முகப்பு விளக்கு, கதவுக் கைப்பிடி எல்லாம் அதில் உண்டு. புதியதன் வருகை பழையதற்கு ஆயுளைக் கூட்டியிருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.