முடிவெடுத்துவிட்டு எங்களிடம் கருத்துக் கேட்காதீர்கள்

பிள்ளைகள் படிக்கும் பள்ளியை மூடப்போகிறீர்கள் என்றால், மூடப்போகிறோம் என்று சொல்லுங்கள். எந்தப் பள்ளி, எந்த ஆண்டு, அதனால் எவ்வளவு பணம் மிச்சமாகும், எங்கள் பிள்ளை அடுத்து எங்கே போகவேண்டும் என்ற கேள்விகளுக்கு முதல் பக்கத்திலேயே பதில் எழுதுங்கள். அதை விட்டுவிட்டு, "அன்புள்ள குடும்பத்தினருக்கு" என்று தொடங்கி, நம் சமூகத்தின் வலிமை, ஒவ்வொரு குழந்தையின் எதிர்காலம் என்று பத்தி பத்தியாக நிரப்பி, கடைசிக்கு முந்தைய பத்தியின் நடுவில் கட்டடங்களின் பயன்பாட்டை ஆராயப்போவதாக ஒரே ஒரு வரியைச் செருகி அனுப்பும் கடிதங்களைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. இப்போது சலிப்பும் போய்க் கோபம்தான் மிஞ்சியிருக்கிறது. என் பிள்ளைகள் படிப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலை ஒட்டிய ஒரு பள்ளி மாவட்டத்தில். சுற்றியுள்ள மாவட்டங்களில் வாழும் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்பதால், எது அந்த மாவட்டம் என்பது இங்கே முக்கியமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்றை விளக்கியாக வேண்டும். இங்கே பள்ளி மாவட்டம் என்பது ஆட்சியர் ஆளும் மாவட்டம் அன்று. பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை வகுக்கப்பட்டு, தனி வாரியமும் தனி வரவுசெலவுத் திட்டமும் கொண்டு இயங்கும் உள்ளாட்சி அமைப்பு. நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் வாரிய உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கிறது. நடைமுறையில் எல்லா அதிகாரமும் அந்தக் கண்காணிப்பாளரின் அலுவலகத்தில்தான் குவிந்து கிடக்கிறது. மாநில அரசு தரும் பணம் போதாதபோது, லெவி எனப்படும் கூடுதல் சொத்து வரிக்கு மாவட்டம் மக்களிடம் வாக்குக் கேட்டு வருகிறது. எச்1பி விசாவிலும் பச்சை அட்டைக்கான வரிசையிலும் ஆண்டுக்கணக்காக நிற்கும் என்னைப் போன்றவர்கள் அந்த வரியைக் கட்டுகிறோம், ஆனால் வாக்களிக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் 2016இல், குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று முடிவுசெய்தார்கள். எங்களுக்கு அந்த வழியும் இல்லை. மாவட்டம் எங்களுக்கு என்ன சொல்கிறது, நாங்கள் சொல்வதை அது காதில் வாங்குகிறதா என்பது மட்டுமே எங்களுக்கும் அதற்கும் இடையிலுள்ள ஒரே கயிறு. அந்தக் கயிற்றைத்தான் இவர்கள் அறுக்கிறார்கள்.

சியாட்டில் நகரப் பள்ளி மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பெருந்தொற்றுக்கு முன் 53,000க்கு மேல் இருந்தவர்கள் சுமார் 50,000ஆகச் சுருங்கினார்கள். மாநில நிதி மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருவதால் வருமானமும் குறைந்தது, பற்றாக்குறை கிட்டத்தட்ட 10 கோடி டாலரை எட்டியது. இதெல்லாம் உண்மையான சிக்கல், யாரும் இட்டுக்கட்டியதன்று. ஆனால் 2023இல் மக்களைக் கூட்டங்களுக்கு அழைத்தபோது அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி, நல்ல வளங்கள் உள்ள பள்ளி எப்படி இருக்கவேண்டும் என்பதுதான். பெற்றோர் மனம்விட்டுப் பேசினார்கள். இசை வேண்டும், ஓவியம் வேண்டும், முழுநேரச் செவிலியர் வேண்டும், மனநல ஆலோசகர் வேண்டும் என்றார்கள். 2024 மே மாதத்தில், அதே வளமான பள்ளிகள் என்ற பெயரின்கீழ் ஏறத்தாழ 20 தொடக்கப் பள்ளிகளை மூடும் யோசனை வெளியே வந்தது. தன் பிள்ளைக்கு இசை வகுப்பு கேட்ட தாயின் சொல்லை எடுத்து, அவள் பிள்ளையின் பள்ளியையே மூடுவதற்கு ஆதாரமாக வைத்த செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. எந்தெந்தப் பள்ளிகள் என்ற பட்டியல் மே மாதத்தில் வரவில்லை. கோடை விடுமுறை முழுவதும் பெற்றோர் எது போகும் எது தங்கும் என்று தெரியாமலே காத்திருந்தார்கள். பள்ளி திறந்தபின் செப்டம்பரில், ஒன்றில் 21 பள்ளிகளும் மற்றொன்றில் 17 பள்ளிகளும் மூடப்படும் என்று இரண்டு திட்டங்கள் ஒன்றாக வந்தன. ஊரே கொதித்தது. அடுத்த சில வாரங்களில் அந்த எண்ணிக்கை நாலைந்தாகக் குறைந்தது. நார்த் பீச், சாகஜவியா, சானிஸ்லோ, ஸ்டீவன்ஸ் என்று நான்கு பள்ளிகள் மட்டும் பெயர் சொல்லப்பட்டன. நவம்பர் இறுதியில் அந்த நான்கும் கைவிடப்பட்டன. 21 பள்ளிகளை மூடாமல் மாவட்டம் பிழைக்காது என்பது செப்டம்பரில் உண்மை என்றால் நவம்பரில் ஒன்றைக்கூட மூடவேண்டாம் என்று எப்படி ஆனது? நவம்பரில் சொன்னது உண்மை என்றால், ஏழு வயதுக் குழந்தைகள் தங்கள் பள்ளிக்காகப் பதாகை பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளியது எதற்காக? நான்கு பள்ளிகளை மூடினால் மிச்சமாவது, பற்றாக்குறையில் மிகச் சிறிய துண்டு மட்டுமே என்பது கணக்குத் தெரிந்த எந்தப் பெற்றோருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஊரில் கணக்குத் தெரிந்த பெற்றோருக்கா பஞ்சம்?

இடையில், வசதியுள்ள குடும்பங்கள் சில தனியார் பள்ளிகளைப் பார்க்கத் தொடங்கின. போக வழியில்லாதவர்கள் காத்திருந்தார்கள். பிள்ளை ஒன்று வெளியேறினால் அந்தப் பிள்ளைக்கான மாநில நிதியும் வெளியேறும். ஆகவே தெளிவில்லாமல் பேசுவது வெறும் நாகரிகக் குறைவு அன்று. அது மாவட்டத்தின் கருவூலத்தையே அரிக்கும் செயல். இதை அந்த அலுவலகங்களில் ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லையா என்பதுதான் என் ஆற்றாமை.

சியாட்டிலை விடுங்கள், எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகவேண்டும் என்று வகுக்கும் பள்ளி எல்லைகளை மாற்றியமைக்கும் பேச்சு வந்தபோது இணையத்தில் ஒரு கருத்துக் கணிப்பு அனுப்பினார்கள். எல்லையை மாற்றலாமா என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை. எப்படி மாற்றினால் உங்களுக்கு வசதி என்று மூன்று வழிகளைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மூன்றுமே வேண்டாம் என்று நினைத்தவர் எதையாவது தொட்டால்தான் அடுத்த பக்கத்துக்குப் போகமுடியும். பிறகு வாரியக் கூட்டத்தில் அந்தக் கணிப்பின் வட்ட வரைபடத்தைப் போட்டுக் காட்டி, பெரும்பான்மையான குடும்பங்கள் இந்த வழியை ஆதரிக்கின்றன என்றார்கள். தாலி கட்டி முடித்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்கள்கூட, பொருத்தம் சரியாக இருந்ததால்தான் கல்யாணமே நடந்தது என்று ஊரைக் கூட்டிச் சொல்லமாட்டார்கள்.

அந்த வாரியக் கூட்டங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பேச விரும்புவோர் முன்கூட்டியே பெயர் பதியவேண்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். மணி அடித்ததும் ஒலிவாங்கி அணைந்துவிடும். மேடையில் இருப்பவர்கள் யாரும் பதில் சொல்லமாட்டார்கள், அது நடைமுறை என்பார்கள். வேலை முடிந்து, சமையலைப் பாதியில் விட்டு, சிறு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்ற ஒரு தாய், காது கேளாத தன் மகனுக்கு வரவேண்டிய உதவியாளர் ஏன் வரவில்லை என்று கேட்டார். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார்கள், அடுத்தவர் பெயரை அழைத்தார்கள். அவர் கேட்டது கேள்வி ஐயா, கருத்து அன்று! கூட்டத்திலேயே பதில் சொல்ல முடியாது என்றால், அடுத்த வாரத்துக்குள் எழுத்தில் பதில் தருவோம் என்று சொல்ல எந்தச் சட்டம் தடுக்கிறது?

சட்டத்தைப் பற்றிப் பேச இவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பள்ளியை மூடுவதற்கான இறுதி முடிவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள், மக்களின் கருத்தைக் கேட்கும் பொதுக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்று வாஷிங்டன் மாநிலச் சட்டம் சொல்கிறது. வாரியக் கூட்டங்கள் மக்கள் முன்னிலையில் நடக்கவேண்டும் என்ற சட்டம் 1971இலிருந்தே இருக்கிறது. ஆவணம் கேட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் ஆவணத்தைத் தர எவ்வளவு காலம் ஆகும் என்ற மதிப்பீட்டைச் சொன்னாலே அது பதிலாகிவிடும் என்பதால், ஐந்தாம் நாள் வரும் கடிதத்தில் பல மாதங்கள் தள்ளி ஒரு தேதி இருக்கும். அதற்குள் வாக்கெடுப்பு முடிந்து, முடிவும் நடைமுறைக்கு வந்திருக்கும். சட்டம் வகுத்தது கீழ்வரம்பை. இவர்களோ அதையே மேல்வரம்பாக்கிக்கொண்டு, எல்லாம் விதிப்படி நடந்தது என்கிறார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு என்று வரும்போது இந்தப் பழக்கம் பொறுக்கமுடியாததாகிறது. எங்கள் பள்ளியில் ஒரு நாள் கதவுகளைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளை மேசைக்கடியில் உட்காரவைத்தார்கள். எங்களுக்கு முதலில் செய்தி வந்தது பிள்ளைகளின் கைப்பேசியிலிருந்துதான். பிறகு பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வதந்திகள் பறந்தன. ஒருவர் துப்பாக்கி என்றார், மற்றொருவர் அருகே கொள்ளை என்றார். மாவட்டத்தின் மின்னஞ்சல் எல்லாம் அடங்கிய பிறகு வந்தது. மாணவர் அனைவரும் பாதுகாப்பாக உள்ளனர், மிகுந்த எச்சரிக்கையின் காரணமாக இந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது, உங்கள் பொறுமைக்கு நன்றி என்றிருந்தது. என்ன நடந்தது என்று அதில் ஒரு சொல் இல்லை. அன்று நாங்கள் எதையும் பொறுமையாகத் தாங்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தோம். "பள்ளி பூட்டப்பட்டுள்ளது, காவல்துறை வந்துவிட்டது, மேலும் தெரிந்ததும் சொல்கிறோம்" என்ற ஒற்றை வரியை முதல் பத்து நிமிடத்தில் அனுப்பியிருந்தால் போதும். அந்த வரிக்கு வழக்கறிஞரின் ஒப்புதல் தேவைப்பட்டதா?

உண்மையைச் சொல்லாமல் விடும் பழக்கம், உண்மைக்கு மாறானதைச் சொல்லும் இடம்வரை போகும். லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டத்தின் கணினிகள் 2022 செப்டம்பரில் ஊடுருவப்பட்டன. மாணவர்களின் உளவியல் மதிப்பீடுகள் வெளியானதாக வந்த செய்தியை மாவட்டத் தலைமை அந்த அக்டோபரில் மறுத்தது; 2023 பிப்ரவரியில், சுமார் 2,000 மாணவர்களின் மதிப்பீட்டு ஆவணங்கள் இணையத்தின் இருண்ட பகுதியில் கிடப்பதை ஒப்புக்கொண்டது. வர்ஜீனியாவின் லவுடன் மாவட்டத்தில் 2021 மே மாதம் ஒரு மாணவி பள்ளிக் கழிப்பறையில் பாலியல் வன்முறைக்கு ஆளானாள். அன்றே அதைப் பற்றி வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிய கண்காணிப்பாளர், அடுத்த மாதம் நடந்த பொதுக்கூட்டத்தில், கழிப்பறைகளில் அப்படித் தாக்குதல் நடந்ததாகத் தனக்குத் தெரிந்து பதிவு எதுவும் இல்லை என்றார். முதல் மாணவியைத் தாக்கி, வேறு பள்ளிக்கு மாற்றப்பட்ட அதே மாணவன் அக்டோபரில் அங்கே இன்னொரு மாணவியைத் தாக்கினான். 2022 டிசம்பரில், இதை விசாரித்த குடிமக்கள் குழுவான சிறப்பு கிராண்ட் ஜூரியின் அறிக்கை கண்காணிப்பாளர் சொன்னதைப் பொய் என்றே சொன்னது, மறுநாள் வாரியம் அவரைப் பதவிநீக்கியது. அந்த இரண்டாவது சிறுமியின் பெற்றோரின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கும்போது எனக்கு உடல் கொதிக்கிறது.

மாணவரின் தனியுரிமை இருக்கிறது, எல்லாவற்றையும் வெளியே சொல்ல முடியாது என்பார்கள். 1974ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் மாணவரின் கல்விப் பதிவுகளைக் காக்கிறது; அது நல்ல சட்டம், என் பிள்ளையையும் காக்கும் சட்டம். ஆனால் அது பற்றாக்குறையை மறைக்கச் சொல்லவில்லை, பள்ளியை மூடும் திட்டத்தை மறைக்கச் சொல்லவில்லை, பேருந்து ஏன் வரவில்லை என்பதை மறைக்கச் சொல்லவில்லை. ஆசிரியர்களையும் பள்ளி முதல்வர்களையும் நான் குறை கூறவில்லை. எங்கள் முதல்வர் மழையிலும் வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர்சொல்லி வரவேற்பவர். ஆனால் ஒன்று கேட்டால், மாவட்ட அலுவலகம் அறிவிக்கும்வரை எதையும் சொல்ல அனுமதியில்லை என்று தலைகுனிகிறார். பெற்றோர் நம்பும் ஒரே மனிதரின் வாயைக் கட்டிவிட்டு, யாரும் நம்பாத கடிதங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது மாவட்டம்.

ஆனால் லெவி வாக்கெடுப்பு வரும்போது மட்டும் இவர்களுக்குத் தெளிவாகப் பேசத் தெரிகிறது. வழவழப்பான தாளில், பெரிய எழுத்தில், ஆயிரம் டாலர் வீட்டு மதிப்புக்கு எவ்வளவு வரி, அந்தப் பணத்தில் எத்தனை செவிலியர், எத்தனை பயிற்றுநர் என்று ஒரே பக்கத்தில் எல்லாம் இருக்கும். படித்தவுடன் புரியும். ஆக, திறமை இல்லாமல் இல்லை. வேண்டியது கிடைக்கவேண்டும் என்றால் புரியும்படி எழுதுகிறார்கள். தரவேண்டியது உண்மை என்றால் புரியாதபடி எழுதுகிறார்கள்.

எனக்கு வாக்கில்லை என்றாலும், ஒவ்வொரு லெவியின்போதும் எங்கள் தெருவில் வாக்குள்ளவர்களின் கதவைத் தட்டி, பள்ளிகளுக்கு ஆதரவாக வாக்களியுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட முதியவர்களும் என் பேச்சைக் கேட்டு ஆதரித்திருக்கிறார்கள். இந்த முறை அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, நம் தெருமுனைப் பள்ளி அடுத்த ஆண்டு இருக்குமா என்பதுதான். அதற்கு ஆம் அல்லது இல்லை என்று மாவட்டம் எழுத்தில் சொல்லும்வரை, துண்டறிக்கைக் கட்டுகளை என் வீட்டுக்கு அனுப்பவேண்டாம் என்று கண்காணிப்பாளருக்கு எழுதிவிட்டேன்.