சபதம் என்னுடையது, சமையல் அவளுடையதா?

மூன்று வருடத்துக்கு முன்னால் மார்கழிக் கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.3 என்று வந்தது. 6.5 ஆனால் சர்க்கரை நோய் என்றே எழுதிவிடுவார்கள். அன்றிரவே வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து அறிவித்தேன்: இனி ஒரு வேளைதான் அரிசிச் சோறு, எண்ணெய் பாதி, பாக்கெட் தீனி கிடையாது, காய்கறி நேராக விவசாயியிடம்தான். மனதார எடுத்த முடிவு அது.

தை முடிவதற்குள் எல்லாம் போய்விட்டது. அரிசிக்குப் பதிலாக ஐந்து கிலோ வாங்கிய குதிரைவாலியில் வண்டு விழுந்திருந்தது. அதைப் பார்த்து நான் கோபப்பட்டபோது மனைவி அமைதியாகக் கேட்டாள். "சபதம் போட்டது நீங்க. புடைக்கிறது, ஊற வைக்கிறது, உங்களுக்கு ஒரு சோறு பிள்ளைகளுக்கு ஒரு சோறு வடிக்கிறது, இதெல்லாம் நானா?"

இதை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று சொல்வார்கள். நம் வீடுகளில் உணவு விஷயத்தில் எடுக்கும் முடிவுகள் பலவும் அப்படிக் கரைந்து போவதற்கு மன உறுதி இல்லாதது மட்டும் காரணமில்லை. முடிவெடுப்பவர் ஒருவர், அதற்காக அடுப்படியில் கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்பவர் இன்னொருவர். அவரிடம் நாம் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை.

சரி என்று புதன், ஞாயிறு இரண்டு நாள் காய்கறி வாங்குவதையும் இரவுச் சமையலையும் நான் எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் பல விஷயங்கள் தெரிந்தன. கடையில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் குதிரைவாலி தவிடு போகத் தீட்டியது. அதைச் சாப்பிட்டால் நார்ச்சத்து அதிகம் கிடைக்காது. கொஞ்சம் பழுப்பாக இருப்பதைத்தான் வாங்க வேண்டும், ஆனால் அது அதிக நாள் தாங்காது. அரைக் கிலோ போதும். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், அரை மணி ஊறல். மதுரை, விருதுநகர் மானாவாரிக் காடுகளில் விளைகிற தானியம் இது. ஐம்பது வயதுவரை எனக்கு இதன் சோறு வடிக்கத் தெரியாது.

உப்பும் அப்படித்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. எங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு குழம்புக்கும் கூட்டுக்குமே நான் மூன்று தேக்கரண்டி போட்டுக்கொண்டிருந்தேன். ஊறுகாய், அப்பளம் தனி. அளந்து பார்க்கும்வரை இது கண்ணில் படவில்லை. எண்ணெய்க்கு ஒரு வழி கிடைத்தது. ஐந்து லிட்டர் கேன் வாங்குவதை நிறுத்திவிட்டு, மரச்செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் ஒரு லிட்டர் மட்டும் வாங்குகிறோம். விலை அதிகம் என்பதால் கை தானாகச் சுருங்குகிறது. பூரி, பஜ்ஜி நின்றுவிடவில்லை, மாதம் ஒரு முறை உண்டு. சுட்ட எண்ணெயை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பொரிப்பதில்லை, அவ்வளவுதான்.

காய்கறிக்கு மதுரை அண்ணாநகர் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அங்கேதான் திறந்தது. விவசாயி அடையாள அட்டையோடு வந்து தானே விற்கிறார், நடுவில் தரகு இல்லை, அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். ஆறரைக்குப் போனால் கீரையில் ஈரம் காயாமல் இருக்கும். பலகையில் விலை இருக்கும்போதும் "ரெண்டு ரூபா கொறச்சுக்கங்க" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். நானும் கேட்டவன்தான். தக்காளி விலை விழும்போது பறிகூலிக்கே கட்டாமல் ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிற மனிதர்கள் அந்த விவசாயிகள். அவர்களிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டிவிட்டு, கடையில் பாக்கெட்டில் அச்சிட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். இது எனக்கு இப்போது தாங்கவில்லை.

எல்லாவற்றிலும் தெளிவு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இயற்கை அங்காடியில் துவரம் பருப்பு அழகான துணிப்பையில் கிடைக்கிறது. ஆனால் தெருமுனை அண்ணாச்சி, ஊரடங்கு மாதங்களில் எங்கள் தெருவுக்கே கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தவர். அவரை விட்டுவிட்டுப் போவது எந்த அறம்? நெடுநாள் யோசித்தேன். பருப்பு, புளி, மிளகாய் அவரிடம்தான் என்று முடிவு செய்தேன். தீட்டாத சாமை வாங்கி வைக்கச் சொன்னேன், வைத்திருக்கிறார். இன்னும் நாலு வீடு கேட்டால் மூட்டையாகவே இறக்குவேன் என்கிறார். எங்கள் தெருக்காரர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு வார்த்தை அவரிடம் கேளுங்கள்.

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டு வரும் செயலியை போனிலிருந்து எடுத்துவிட்டோம். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு சிப்ஸ் வேண்டுமென்றால் இல்லை என்பதுதான் பதில். முதல் மாதம் முகம் தூக்கினார்கள். இப்போது பொரிகடலையும் வெல்லமும் டப்பாவில் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார்கள்.

சர்க்கரை இப்போது 5.9. இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும்.

போன மாதம் மனைவி ஒரு முடிவு எடுத்தாள். புதனும் ஞாயிறும் சாயங்காலம் நடக்கப் போகிறாள். யாரிடமும் அறிவிக்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். திரும்பி வரும்போது ஏழு மணி தாண்டிவிடும், அதற்குள் நான் சோற்றை இறக்கி வைத்திருப்பேன்.