கோழியை நசுக்காமல் அதற்குப் பெயர் பென்யெட்டா?

சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு வாப்பா அடுப்படியில் வந்து நின்று, சோறு ஏதாவது இருக்கிறதா, ஒரு முட்டை பொரித்துத் தர முடியுமா என்று உம்மாவிடம் கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் நாங்கள் நாலு பேரும் ஒரு மலாய் ஜாவானிய உணவகத்தில் 127 சிங்கப்பூர் வெள்ளி 45 காசு கட்டிவிட்டு வெளியே வந்திருந்தோம். இன்றைக்கு செவ்வாய்க்கிழமை. இன்னும் எனக்கு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு கடை மட்டும் செய்கிற காரியமும் இல்லை இது. பேரங்காடிகளில் மரப்பலகையும் பாத்திக் துணியும் தொங்கவிட்டுக்கொண்டு புதிது புதிதாகத் திறக்கும் இந்த மாதிரி இடங்களில் இந்த ஒரு வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது முறை.

வாப்பாவுக்கு ஜாவானியச் சாப்பாடு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் காயல்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வந்தது 1973இல், 22 வயதில், அரபு ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு. அந்தப் பக்கத்துக்கு ஒரு காலத்தில் கம்போங் ஜாவா என்று பெயர். ஜாவாக்காரப் பெண்கள் அங்கே பூ விற்றதால் நம் ஆட்கள் அந்தத் தெருவைப் 'பூக்கடை சடக்கு' என்றே சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் சுல்தான் பள்ளிவாசலின் அறங்காவலர் குழுவில்கூட மலாய், ஜாவா, பூகிஸ், அரபு, தமிழ், வட இந்தியர் என்று ஆறு சமூகத்துக்கும் ஆளுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஜாவாக்காரர்கள் நமக்கு அவ்வளவு நெருங்கிய அண்டை வீட்டுக்காரர்கள். வாப்பா தங்கியிருந்த அறைக்கு எதிர்வீட்டில் வயதான ஒரு ஜாவாக்கார அம்மா இருந்தாராம், எல்லோரும் அவரை 'வாக்' என்றுதான் கூப்பிடுவார்களாம். கல்யாணம் ஆகாமல், சமைக்கத் தெரியாமல், ஊரை நினைத்து ஏங்கிக் கிடந்த பையன்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாக் வீட்டிலிருந்து சோறு வரும். அந்த ருசியைத்தான் வாப்பா 50 வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். போன மாதம் கண் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டிலேயே அடைந்து கிடந்தவர், வாய்விட்டு "எங்கேயாவது நாசி அம்பெங் சாப்பிடப் போகலாமா" என்று கேட்டார். ஒரே தட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும் ஜாவானியச் சோறு அது. அவர் இப்படியெல்லாம் கேட்கிற ஆளே இல்லை. அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

சரி, உட்கார்ந்தோம். மெனு அட்டை கிடையாது. மேசையில் ஒட்டியிருக்கும் சதுரக் குறியைக் கைப்பேசியில் வருடி நாமே தட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்திருக்கும் 74 வயது மனிதருக்கு அந்தச் சின்னத் திரையில் என்ன தெரியும்? "அட்டை ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால், இல்லையாம். நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன், அவர் தலையாட்டினார், நானே தட்டினேன், தண்ணீரையும் நானே போய் எடுத்துவந்தேன், கரண்டி முள்கரண்டியையும் நானே எடுத்துவந்தேன். இதற்குத்தான் கடைசியில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். யார் யாருக்குச் செய்த சேவை அது? சேவைக் கட்டணம் அரசாங்கம் போட்ட வரி இல்லை, கடைக்காரர் தானாக வைத்துக்கொண்டது. அதையும் சேர்த்த தொகைக்கு மேல்தான் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி ஏறுகிறது. சாப்பாட்டுக்கு ஆனது 106 வெள்ளி 30 காசு, மேலே ஏறியது 21 வெள்ளி 15 காசு. விலைக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி இரண்டு கூட்டல் குறி, அவ்வளவுதான்.

விலையை மட்டும் சொல்லி நான் கத்தவில்லை. இந்த ஊரில் கடை வாடகை என்ன, ஆள் கிடைப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். கொடுத்த காசுக்கு அந்தப் பெயருக்குரிய சாப்பாட்டைப் போட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன்.

முதலில் வந்தது அயாம் பென்யெட். அயாம் என்றால் கோழி. பென்யெட் என்றால் ஜாவா மொழியில் நசுக்கியது, அழுத்தியது என்று அர்த்தம். அந்தப் பெயரிலேயே சமையல் குறிப்பு இருக்கிறது. கோழியை மஞ்சள், மல்லி, பூண்டு, லெங்குவாஸ் (பேரரத்தை) எல்லாம் அரைத்துப் போட்டு, தண்ணீர் வற்றி மசாலா எலும்புவரை இறங்கும்படி முதலில் வேகவைக்க வேண்டும். அப்புறம் பொரிக்க வேண்டும். பொரித்ததைச் சூட்டோடு, மிளகாய்ச் சம்பால் அரைத்த கல்லிலேயே வைத்து அந்தக் குழவியால் ஒரு அழுத்து அழுத்த வேண்டும். சதை பிளந்து, நார் விட்டு, மிளகாயும் பிளாச்சான் என்கிற இறால் விழுதும் உள்ளே போகும். அந்த ஒரு அழுத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நம் வீட்டு அம்மி மாதிரிதான் அவர்களுடைய சோபெக், அதில் அரைத்த சம்பாலுக்கும் மிக்சியில் அடித்த சம்பாலுக்கும் உள்ள வித்தியாசம் நம் உம்மாமார்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்களுக்கு வந்தது என்ன தெரியுமா? மாவில் புரட்டிப் பொரித்த ஒரு கோழித் தொடை, கட்டுக்குலையாமல் முழுசாக, பளபளவென்று. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தக்காளிச் சாறு மாதிரி தித்திக்கும் சிவப்புக் குழம்பு. கோழியைப் பிய்த்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, உப்புகூட இறங்கவில்லை. பரிமாறிய பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இதை நசுக்கவே இல்லையே" என்றேன். பாவம், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் உண்மையைத்தான் சொன்னான். நசுக்கினால் படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டதாம். படத்தில்! பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்றால் பொரித்த கோழி என்று பெயர் வைத்து விற்றுக்கொள்ளுங்கள், உங்களை யார் தடுத்தார்கள்? சம்பால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டதற்குக் கிண்ணத்துக்கு 1 வெள்ளி 50 காசு. ஜாவாக்காரர் கடையில் சம்பாலுக்குத் தனிக் காசு என்பது வாக் காதில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

தெம்பே மெண்டோவானும் இதே கதைதான். தெம்பே என்றால் புளிக்கவைத்த சோயாக் கட்டி. 'மெண்டோ' என்றால் பாதி வெந்தது. பன்யுமாஸ் பக்கத்துப் பண்டம் அது, மெல்லிசாக வெட்டிய தெம்பேயைக் கரைத்த மாவில் தோய்த்து, துவண்டு விழும் பதத்திலேயே எண்ணெயிலிருந்து எடுத்துவிட வேண்டும். இவர்கள் தட்டை முறுக்கு மாதிரி காயவைத்துக் கொண்டுவந்து போட்டார்கள், அதுவும் பழைய தெம்பே, கடித்தவுடன் கசந்தது.

ரவோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உம்மா ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கிழக்கு ஜாவாவின் கறுப்பு மாட்டிறைச்சிச் சாறு அது. அந்தக் கறுப்பு கெலுவாக் கொட்டையிலிருந்து வருகிறது. பச்சையாக இருக்கும்போது அந்தக் கொட்டை விஷம், சயனைடு இருக்கிறது அதில். அதை வேகவைத்து, சாம்பலிலும் மண்ணிலும் நாற்பது நாள் போலப் புதைத்துவைத்து, எடுத்துக் கழுவி ஊறவைத்து, ஓட்டை உடைத்து உள்ளே இருக்கும் கறுப்புப் பருப்பைச் சுரண்டி அரைத்தால்தான் அந்த மண்வாசனையும் லேசான புளிப்பும் வரும். எத்தனை தலைமுறை கைப்பழக்கம் இருந்தால் ஒரு விஷக் கொட்டையை இப்படிச் சோற்றுக்குச் சாறாக மாற்றத் தெரிந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு எங்கள் மேசைக்கு வந்த கிண்ணத்தில் இருந்தது கறுப்புக் கிச்சாப், அதாவது சோயா சாறு. நாக்கில் வைத்ததும் இனிப்பு. உம்மா ஒரு கரண்டி குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். கெலுவாக் கிடைக்கவில்லை என்றால் இன்றைக்கு ரவோன் இல்லை என்று சொல்லுங்கள். 13 வெள்ளி 90 காசு வாங்கிக்கொண்டு கிச்சாப்புத் தண்ணீரை ரவோன் என்று ஒரு வயதான அம்மாவுக்கு எப்படிக் கொடுக்க மனம் வருகிறது?

இவ்வளவும் நடந்த பிறகுதான், 55 நிமிஷம் கழித்து, நாங்கள் எதற்காகப் போனோமோ அந்த நாசி அம்பெங் வந்தது. மூன்று பேருக்கானது, 54 வெள்ளி.

நாசி அம்பெங் என்பது ஒரே தட்டில் பலர் கைவைத்துச் சாப்பிடும் சாப்பாடு. ஜாவாவிலிருந்து ஜொகூருக்கும் சிலாங்கூருக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது. டூலாங் என்கிற பெரிய வட்டத் தட்டில் வாழையிலை விரித்து, நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிலும் கிச்சாப்பில் சமைத்த கோழி, சம்பால் கோரெங் என்கிற காரப் பொரியல், செருண்டிங் என்கிற வறுத்த மசாலாத் தேங்காய்ப்பூ, பொரித்த மீஹூன் (அரிசிச் சேமியா), கருவாடு, பெகெடில் என்கிற உருளைக்கிழங்கு வடை என்று வைப்பார்கள். கோழிக் குழம்பு சோற்றில் வடியும், சோறு மீஹூனோடு கலக்கும், செருண்டிங் எல்லாவற்றின் மேலும் உதிரும், கடைசியில் இலையில் ஒட்டியிருப்பதுதான் அத்தனையிலும் ருசி. அவர்கள் 'கெண்டுரி' என்பார்கள், நாம் கந்தூரி என்கிறோம், இரண்டும் ஒரே சொல். காயல்பட்டினத்தில் கல்யாண வீட்டுக் களறிச் சோற்றை சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த மனிதருக்கு டூலாங் சாப்பாடு ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்று நான் விளக்க வேண்டுமா?

வந்தது ஒரு சதுரமான மரப் பலகை. அதன்மேல் ஒன்பது சின்னக் கிண்ணங்கள். சோறு தனி, மூன்று அச்சில் கவிழ்த்த உருண்டையாக, ஆளுக்கு ஒன்று. அடியில் வாழையிலை மாதிரி பச்சைப் படம் அச்சடித்த காகிதம். இதில் எங்கே கைவைத்துச் சேர்ந்து சாப்பிடுவது? எது எதோடு கலக்கும்? பெகெடில் மூன்று, கோழித் துண்டு மூன்று, நாங்கள் நாலு பேர். கையால் சாப்பிடப் போன வாப்பாவுக்குக் கைகழுவும் இடத்தைக் காட்டச் சொன்னால் பேரங்காடிக் கழிப்பறைக்கு வழி காட்டுகிறார்கள். வாப்பா போய்த் தட்டுத் தடுமாறிக் கைகழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்தக் கிண்ணங்களைப் பார்த்து, "இது வேற ஏதோ போலிருக்கே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. எங்களுக்கு மேசை ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும்தானாம். அம்பெங்கைக் கொண்டுவந்ததே ஏழு ஐம்பத்தைந்துக்கு. எட்டு இருபதுக்கு ஒருவர் வந்து இன்னும் பத்து நிமிஷம் என்றார். வாப்பா நிதானமாகச் சாப்பிடுகிற ஆள், கண் வேறு சரியாகத் தெரியவில்லை, கருவாட்டில் முள் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். எட்டு இருபத்தெட்டுக்கு மறுபடியும் வந்து நின்றார்கள். மிச்சத்தைக் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். பெட்டிக்குத் தனிக் காசு என்றால் தருகிறேன் என்றும் நானே சொன்னேன். முடியாதாம். பகிர்ந்து சாப்பிடும் தட்டுகளில் மிஞ்சியதைக் கட்டிக் கொடுப்பது கடையின் விதியில் இல்லையாம்.

ஜாவாக்காரர்களின் கெண்டுரியில் மிஞ்சிய சோற்றைக் கட்டிக்கொண்டு போவதற்குத் தனியாக ஒரு பெயரே இருக்கிறது. 'பெர்க்காட்' என்பார்கள். நம் வாயில் பரக்கத். வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் வர முடியாத கிழவிகளுக்கும் அந்தப் பொட்டலம் போய்ச் சேர வேண்டும், அது சேர்ந்தால்தான் விருந்து முடிந்ததாக அர்த்தம். வெள்ளிக்கிழமைகளில் எதிர்வீட்டிலிருந்து வாப்பாவின் அறைக்கு வந்த சோறு இதுதான், கெண்டுரிக்குப் போய்வந்த வாக் இலையில் கட்டிக் கொண்டுவந்தது. அந்தச் சாப்பாட்டின் பெயரைச் சுவரில் எழுதிவைத்து விற்கிற கடையில் விதி இல்லையாம்.

நான் மேலாளரைக் கூப்பிடச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தபோதே இன்னொரு பெண் வந்து பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு கோழித் துண்டும் செருண்டிங்கும் முக்கால் உருண்டைச் சோறும் அப்படியே இருந்தன. அடுத்த கூட்டம் வாசலில் நின்றது. வாப்பா கையில் பிடித்திருந்த பெகெடிலை வாயில் போடுவதா வைப்பதா என்று தெரியாமல் பலகை போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.