ஐ.டி.ஐ. சான்றிதழ் உரிமம் ஆகாது

"ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் சான்றிதழ் இருந்தால் அதுவே லைசென்ஸ், புது வீட்டு வயரிங்கை அவரிடமே கொடுத்துவிடலாம்" என்று மேலே எழுதியிருக்கும் நண்பரே, இது தவறு. இதை நம்பி யாராவது வேலையைக் கொடுத்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

ஐ.டி.ஐ. சான்றிதழ் படிப்புக்கானது. தமிழ்நாட்டில் வயர்மேன், மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ்களையும் ஒப்பந்ததாரர் உரிமத்தையும் வழங்குவது மின் உரிமம் வழங்கும் வாரியம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைப்படி, புது வயரிங், கூடுதல் இணைப்பு, மாற்றம் ஆகியவற்றை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு இந்தக் கட்டாயம் இல்லை; அந்த அளவு வேலையை அவரிடம் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டு மாடிக்கு வயரிங் செய்தவரும் நல்ல கைவேலைக்காரர்தான். ஆனால் கீசர் பிளக் பாயின்ட்டைத் திறந்து பார்த்தபோது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் முனையில் பச்சை வயரே இல்லை. மூன்று துளை பாயின்ட், இரண்டே வயர்! குளியலறையில் ஈரக் கையோடு குழாயைத் திறக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். எம்.சி.பி. (மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது அதிக மின்னோட்டத்துக்குத்தான் விழும். உடல் வழியாகக் கசியும் மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெயரும் செல்லுபடியாகும் தேதியும் அதில் இருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.