தியோவின் குரலை ஸ்டீவி வொண்டர் வாசித்த எபிசோடு

டிவி தொடரில் ஒரு பெரிய பாடகர் கெஸ்ட் ரோலில் வருகிறார் என்றாலே எனக்கு அலுப்புத் தட்டும். கதவைத் திறந்து உள்ளே வருவார், கைதட்டல் அடங்கவே அரை நிமிடம் ஆகும், ஒரு பாட்டுப் பாடுவார், போய்விடுவார். அந்த அலுப்பையெல்லாம் துடைத்துப் போட்ட எபிசோடு ஒன்று உண்டு. 1986 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் என்பிசி சேனலில் வந்த 'தி காஸ்பி ஷோ' என்ற குடும்பக் காமெடித் தொடர். வந்தவர் ஸ்டீவி வொண்டர்.

கதை சின்னதுதான். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளான டெனிஸும் அவள் தம்பி தியோவும் போன காரும் ஒரு லிமோசினும் மோதிக்கொள்கின்றன. லிமோசினில் இருந்தவர் ஸ்டீவி. குடும்பத்தையே ஸ்டுடியோவுக்கு வரச் சொல்கிறார்.

அங்கே அவர் முன்னால் சின்க்ளேவியர், எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து கீபோர்டில் வாசிக்க வைக்கும் டிஜிட்டல் கருவி. அந்தக் காலத்தில் விலை லட்சம் டாலரைத் தாண்டும். ஆளுக்கு ஏதாவது பேசச் சொல்கிறார். தியோ 'ஜாம்மின் ஆன் த ஒன்' என்கிறான். ஸ்டீவி ஒரு கீயை அழுத்துகிறார். அதே குரல் வருகிறது. அடுத்த கீ, அதே குரல் வேறு சுருதியில். கொஞ்ச நேரத்தில் அந்த நாலு வார்த்தை தாளத்தில் உட்கார்ந்து பாட்டாகிவிடுகிறது.

நான் தினமும் சாம்பிள், அதாவது பதிவு செய்த ஒலித் துண்டுகளை, வெட்டி ஒட்டி இசையாக்கிப் பிழைப்பவன். போன மாதம் அக்கா மகன் வந்திருந்தபோது மைக்கில் 'மாமா' என்று சொல்ல வைத்து, அதைக் கீபோர்டில் ஏற்றிக் கொடுத்தேன். முதல் கீயை அழுத்தியதும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. தன் குரல் தன்னைவிட்டு வெளியே போய் இசையாவதை முதல்முறை கேட்கிற பிள்ளையின் முகம் அப்படித்தான் இருக்கும். ஸ்டீவி அதைக் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே இரவில் நடத்திக் காட்டினார்.

சாம்ப்ளிங் என்றால் என்னவென்று தன் தலைமுறை முதலில் பார்த்தது அந்தக் காட்சியில்தான் என்று ரூட்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ் சொல்லியிருக்கிறார். நான் முழுசாக நம்புகிறேன். 1987-ல் எஸ்பி-1200, 1988-ல் எம்பிசி-60 என்று கைக்கெட்டும் சாம்ப்ளிங் கருவிகள் வந்தபோது, அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அதே எபிசோடில் அம்மா கிளேராக நடித்த பிலிஷியா ரஷாத் ஸ்டீவியோடு சேர்ந்து பாடுவார். முந்தைய ஆண்டு ஆஸ்கர் வாங்கிய பாட்டு. அழகான இடம். ஆனாலும் என் மனசு தியோவிடமே நிற்கிறது.

தொடரின் நாயகன் பில் காஸ்பி மீது அத்தனை பெண்கள் சொன்ன பாலியல் குற்றச்சாட்டுகளைப் படித்த பிறகு இந்தத் தொடரைப் பழையபடி பார்க்க முடியவில்லை. 2018-ல் வந்த தண்டனையை 2021-ல் மேல்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. என் மனசில் எதுவும் ரத்தாகவில்லை. ஆனால் அந்த ஸ்டுடியோ காட்சியை அவர் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. அது ஸ்டீவியுடையது, அந்தப் பையனுடையது.

தியோவாக நடித்த அந்தப் பையன், மால்கம்-ஜமால் வார்னர். அப்போது வயது 15. 2025 ஜூலையில் கோஸ்டாரிகாவில் கடலில் மூழ்கி இறந்துபோனார். வெறும் 54 வயது. 2015-ல் அவருக்குக் கிடைத்த கிராமி, ராபர்ட் கிளாஸ்பர், லேலா ஹாத்தவே ஆகியோரோடு சேர்ந்து செய்த ஒரு பாட்டுக்கு. ஸ்டீவி வொண்டர் 1973-ல் வெளியிட்ட பாட்டு அது. அதில் வார்னர் பாடவில்லை. ஸ்டீவியின் மெட்டு ஓட, அதன் மேல் தன் கவிதையைப் பேசுகிறார்.