அறவழியைக் கோழைத்தனம் என்பவர்களுக்கு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அறவழிப் போராட்டத்தைப் பற்றி நான் எழுதியதற்கு நம் ஊர் நண்பர்கள் சிலர் இரண்டு மறுப்புகளைச் சொல்லியிருக்கிறார்கள். அடிப்பவனுக்கு முதுகைக் கொடுப்பது கோழைத்தனம் என்பது ஒன்று. அமைதி என்று சொல்லிக்கொண்டு தெருவில் இறங்குபவர்களே கலவரத்தை வரவழைக்கிறார்கள் என்பது மற்றொன்று.

வெள்ளையருக்கு ஓரிடம், கறுப்பருக்கு ஓரிடம் என்று பேருந்தில் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து, 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளைப் புறக்கணித்த கறுப்பின மக்கள், 381 நாட்கள் நடந்தும், தேவாலயங்கள் ஏற்பாடு செய்த வண்டிகளில் ஏறியும் வேலைக்குப் போய் வந்தார்கள். பயணிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அவர்களே என்பதால் பேருந்து நிறுவனத்தின் வருமானம் சரிந்தது. போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்த பிறகும் யாரும் பேருந்தில் ஏறவில்லை. எதிரியின் மனம் இளகட்டும் என்று காத்திருந்த போராட்டம் அல்ல அது. அவனுடைய வரும்படியில் கைவைத்த போராட்டம். நம் சீமைக்கும் இது புதிதல்ல. 1908இல் தூத்துக்குடியில் வெள்ளையர் நடத்திய கோரல் மில் நூற்பாலைத் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த நாட்களில், வெள்ளையர் பக்கம் நின்றவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்களும் துணி வெளுக்கச் சலவைத் தொழிலாளர்களும் மறுத்தார்கள். ஆலை நிர்வாகம் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜேம்ஸ் லாசன் என்ற பாதிரியார் நடத்திய அறவழிப் பயிற்சி வகுப்புகளில் ஒரு மாணவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, உடன் படிப்பவர்களே அவர் முகத்தில் சிகரெட் புகையை ஊதி, வாய்க்கு வந்தபடி ஏசி, கீழே தள்ளிவிட்டுப் பழக்கினார்கள். 1960இல், கறுப்பருக்கு இடம் தராத உணவகங்களில் போய் அமர்ந்து அவர்கள் போராடுகையில் மெய்யான அடி விழுந்தபோது அவர்களுடைய கை திருப்பி ஓங்காமல் இருந்தது இந்தப் பழக்கத்தால்தான். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இரண்டாவது மறுப்புதான் என்னை அதிகம் வருத்துகிறது. கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய அமெரிக்க நகரமான பர்மிங்காமில், 1963 ஏப்ரலில் வெள்ளைச் சமயத் தலைவர்கள் எட்டுப் பேர் இதையேதான் அறிக்கையாக எழுதினார்கள். அடுத்த மாதமே அந்நகரக் காவல்துறை ஊர்வலம் வந்த பள்ளிப் பிள்ளைகள் மீது நாய்களை ஏவியது, தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பிள்ளைகளா நாயை அவிழ்த்துவிட்டார்கள்? 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க ஊர்வலமாக வந்தவர்கள் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்க, கைக்குழந்தை உட்பட 17 பேர் மாண்டார்கள். “ஊர்வலம் எதுக்கு வந்தாங்க?” என்று இன்றும் இங்கே கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள், ஊர்வலம் புறப்படுவதற்கு முன் அந்தத் தொழிலாளர்களின் கூலி என்னவாக இருந்தது, அவர்களில் எத்தனை பேர் சிறையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.