உண்ணத் தகுந்த சுவையூட்டி சுவாசிக்கவும் தகுந்ததா?

மின்சிகரெட்டில் சேர்க்கப்படும் பழ, மிட்டாய்ச் சுவையூட்டிகள் உணவில் பயன்படுத்த ஒப்புதல் பெற்றவை என்பதால், பதின்வயதினர் அவற்றை உள்ளிழுப்பதிலும் தீங்கில்லை என்று மேலே ஒரு கருத்து பகிரப்பட்டுள்ளது. முதற்பாதி பல சுவையூட்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் அதிலிருந்து பெறப்பட்ட முடிவு சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறேன்.

உணவுக்கான பாதுகாப்பு மதிப்பீடு அப்பொருளை உண்பதை மட்டுமே கருதியது. சூடாக்கி நுரையீரலுக்குள் இழுப்பதை அது ஆராயவில்லை. இரண்டும் வேறு என்பதற்கு வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் தெளிவான சான்று. உணவில் ஏற்கப்பட்ட இப்பொருளின் ஆவியை வேலையிடத்தில் தொடர்ந்து சுவாசித்த அமெரிக்காவின் மிசௌரி மாநிலப் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்கு, நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடும் மீளாத நோய் ஏற்பட்டிருந்தது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. மின்சிகரெட் பிடிப்பவர்களுக்கும் அதே நோய் வரும் என்று இதைக்கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆலைச் சூழல் வேறு. எனினும், 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சோதித்த 51 சுவையூட்டிய மின்சிகரெட் வகைகளில் 39இல் டைஅசிட்டைல் காணப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்கு இவற்றைப் பரிந்துரைப்போர் கட்டாயம் அறிய வேண்டும்.

ஐயமுள்ளவர்கள் ஃபெமா எனப்படும் அமெரிக்கச் சுவையூட்டி உற்பத்தியாளர் சங்கத்தின் இணையதளத்தில், மின்சிகரெட் குறித்த அறிக்கையைத் தேடிப் படிக்கலாம். தங்கள் பாதுகாப்பு மதிப்பீடு உணவுக்கு மட்டுமே உரியது, மின்சிகரெட்டுக்குப் பொருந்தாது என்று அத்தொழில்துறையினரே அதில் கூறியுள்ளனர்.